விட்ட சர்க்கரையைப் பிடிக்க: பழைய சீட்டா, பத்தியமா, ஊசியா?

சர்க்கரை நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறார். காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். மகள் கல்யாண அலைச்சல், வேலை மாறிய குழப்பம், மாத்திரை போட்டால் வயிறு கலங்குகிறது என்ற சலிப்பு, அல்லது ஒரு முறை சோதித்ததில் 130 என்று வந்ததும் 'குணமாகிவிட்டது' என்ற நம்பிக்கை. ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. பிறகு காலில் வந்த கொப்புளம் ஆறாமல் நிற்கும். அல்லது கண்புரை அறுவைக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, வெறும் வயிற்றில் 290 என்று தாளை நீட்டுவார்கள். மருந்துக் கடையில் பல காலமாக நிற்கிற எனக்கு இப்படித் திரும்பி வருகிறவர்கள் பழக்கம். அவர்கள் கேட்பதும் பழக்கம்: விட்ட மாத்திரையையே தொடரலாமா, சாப்பாட்டைக் கட்டிப் பார்க்கலாமா, வேறு மாத்திரை வாங்க வேண்டுமா, டாக்டர் ஊசி என்கிறாரே, அதற்குத் தலையாட்டலாமா?

இதை ஒரே கேள்வியாக வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏறிக் கிடக்கும் சர்க்கரையை இறக்குவது ஒரு வேலை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் போதும். இறங்கியதை இறங்கிய இடத்திலேயே வைத்திருப்பது இன்னொரு வேலை. அது வருடக்கணக்கில் நடக்க வேண்டியது. முதல் வேலைக்குப் பொருத்தமான வழி இரண்டாவதற்கும் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால், மூன்று மாதத்தில் நிறுத்த வாய்ப்புள்ள இன்சுலினை 'ஆயுசுக்கும் ஊசியா' என்று மறுத்துவிடுகிறார்கள். மூன்று வாரம்கூடத் தாங்காத பட்டினிப் பத்தியத்தை 'ஊசி இல்லையே' என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே எடைபோடுகிறேன். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வது மருத்துவரின் வேலை. அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒப்பிட நேரம் இல்லாதவர்கள்

சிலரை இந்த ஒப்பீட்டிலிருந்து முதலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர் இன்சுலினை விட்டிருந்தால் அவர் முன்னால் தேர்வு எதுவும் இல்லை, அன்றே மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகை உள்ளவர்களிலும் வாந்தி, வயிற்று வலி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது, தூக்கக் கலக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் உடலில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) சேர்ந்திருக்கலாம். வயதானவர்களுக்குச் சர்க்கரை 500, 600 என்று ஏறி, நாக்கு வறண்டு, பேச்சு குழம்ப ஆரம்பித்தால் அதுவும் உயிருக்கு ஆபத்து. இவர்களுக்கு 108 ஆம்புலன்ஸ்தான்.

உடல் எடை மளமளவென்று இறங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால், சர்க்கரையோடு காசநோய்ச் சோதனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் காசநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நம் ஊரில் இந்த இரண்டும் கூட்டாளிகள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

விரல் நுனியில் குத்திப் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டார், மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டாரா, காய்ச்சல் இருந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். எச்.பி.ஏ1சி என்கிற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. அது 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154. 10 என்றால் 240. 12 என்றால் கிட்டத்தட்ட 300. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. பிறகு, கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் சோதனை. பலரும் தள்ளிப்போடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். அதைத் தள்ளிப்போடக் கூடாததற்கான காரணம் வேகத்தைப் பற்றிப் பேசும்போது வரும்.

பழைய சீட்டு

கடைக்கு வருகிறவர்களில் அநேகர் விரும்புவது இதைத்தான். பர்ஸிலிருந்து கத்தரித்த மாத்திரை அட்டையின் ஒரு துண்டை எடுத்து நீட்டுவார்கள். வெள்ளித் தாள் நைந்து, பெயரில் பாதிதான் தெரியும். காலாவதித் தேதி அட்டையின் மறுமுனையோடு என்றோ போய்விட்டது. "இதையே பத்து நாளுக்குக் கொடுங்கள் தம்பி, பிறகு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன்." அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும்.

இதன் லாபம் தெளிவு: செலவு குறைவு, பழகிய மருந்து, இன்றே தொடங்கலாம். விட்டது இரண்டு மூன்று வாரம்தான், அதற்கு முன்பு சர்க்கரை சீராக இருந்தது என்றால், மருத்துவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடர்வதில் பெரிய தவறில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தச் சீட்டு எழுதப்பட்டது வேறு ஒரு உடலுக்கு. இடையில் எடை குறைந்திருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். சிறுநீரக வடிகட்டும் திறன் (சோதனைத் தாளில் இ.ஜி.எஃப்.ஆர் என்று இருக்கும் எண்) 30-க்குக் கீழே போனவர்கள் மெட்ஃபார்மினைத் தொடவே கூடாது. கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அந்த இறக்கம் மணிக்கணக்கில் நீடிக்கும்.

மெட்ஃபார்மினில் இன்னொரு சங்கதி. முன்பு காலையும் மாலையும் ஆயிரம் மில்லிகிராம் போட்டவர் இடைவெளிக்குப் பிறகு அதே அளவில் தொடங்கினால், வயிறு மறுபடி கலங்கும், மறுபடி விட்டுவிடுவார். 500-ல் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து, வாரம் ஒரு படியாக ஏற்றுவதுதான் வழக்கம். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. வயிற்றுத் தொல்லையால் நிறுத்தியவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். இதைத் தெரியாமலே 'மெட்ஃபார்மின் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பழைய மாத்திரை, விடுவதற்கு முன்பாவது சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்ததா? இரண்டாம் வகை நோயில் கணையத்தின் சுரப்பு வருடம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டுதான் போகிறது. அன்று போதாத மருந்து இன்று போதுமாகிவிடாது.

பத்தியமும் நடையும் மட்டும்

எச்.பி.ஏ1சி ஏழரை, எட்டுக்குள் இருக்கிறது, தாகமோ எடை இழப்போ இல்லை, மருத்துவரும் சம்மதிக்கிறார் என்றால் மூன்று மாதம் இப்படிப் பார்க்கலாம். 10-க்கு மேல் இருப்பவர் இதை மட்டும் நம்புவது வீண் பிடிவாதம். காரணம் மன உறுதிக் குறைவு அல்ல, உடலின் வேலை அப்படி: சர்க்கரை மிக உயர்ந்து நிற்கும்போது அந்த உயர்வே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை முடக்கிப்போடுகிறது. சுரக்க வேண்டிய செல் மயங்கிக் கிடக்கும்போது சோற்றைக் குறைத்தால் எண் கொஞ்சம் இறங்கும், நிற்க வேண்டிய இடத்துக்கு வராது. இரண்டு மாதம் வாயைக் கட்டியும் 240-லேயே நிற்கிறதே என்று மனம் விட்டுப்போவதுதான் மிச்சம்.

மருந்தோடு சேர்ந்த பத்தியம் என்றால் கதையே வேறு. அது இல்லாமல் எந்த வழியும் நிற்காது. ஆனால் நம் வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு சொம்பு குடிக்கிறார்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான், மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். இரவில் சோறு இல்லை, அதற்குப் பதில் ஆறு சப்பாத்தி. சிறுதானிய பிஸ்கெட். சர்க்கரை போடாத பழச்சாறு, அதில் நான்கு சாத்துக்குடி. மாற்ற வேண்டியது தட்டின் விகிதம்: பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுக்குச் சோறு. பொங்கலுக்கும் கோதுமை ரவை உப்புமாவுக்கும் இடையே நடக்கும் விவாதம் இதற்குப் பிறகு வரட்டும்.

நடையில், சாப்பிட்ட பின் நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். ஏறப்போகும் சர்க்கரையைத் தசைகள் அப்போதே எடுத்துக்கொள்கின்றன. பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் உள்ளங்கால் வெந்துபோனதைப் பார்க்கிறவர்கள் உண்டு. காலையில் நடை திறந்ததும் போய் வருவது சாமிக்கும் சம்மதம்தான்.

மருந்தே இல்லாத நிலைக்குத் திரும்புவதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளுக்குச் சுமார் 850 கலோரி கொண்ட பானங்களை மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து, பிறகு மெல்ல உணவுக்குத் திருப்பினார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே எச்.பி.ஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தது. 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் இது 86 சதவீதம். ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். பக்கத்திலேயே மருத்துவக் குழுவும் இருந்தது. இரண்டு வருட முடிவில் 46 என்பது 36 ஆகிவிட்டது. 15 வருடம் பழைய நோயோடு, ஏற்கெனவே மெலிந்துபோய் வருகிறவருக்கு இதைக் காட்டி ஆசை மூட்டுவது நியாயமில்லை. நோய் வந்து மூன்று வருடம், வயிறு முன்னால் நிற்கிறது என்கிறவர் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டிய வழி இது. அதுவும் சர்க்கரை ஓரளவு இறங்கிய பிறகு, மருந்துகளை யார் எப்படிக் குறைப்பது என்று பேசிவைத்துக்கொண்டு.

புதிய மாத்திரைக் கூட்டணி

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக எச்.பி.ஏ1சி-யில் ஒன்று முதல் ஒன்றரை வரை குறைக்கும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையும் ஏறக்குறைய அவ்வளவே. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை அரை முதல் முக்கால் வரை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் அரை முதல் ஒன்று வரை. 11-ல் நிற்பவர் 7-க்கு வர வேண்டுமானால் நான்கு குறைய வேண்டும். ஒரே மாத்திரையில் அது நடக்காது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. எட்டரை, ஒன்பதில் இருப்பவருக்கு இரண்டு மருந்தும் ஒழுங்கான சாப்பாடும் பெரும்பாலும் போதும்; ஊசி தேவைப்படாது.

இவற்றுக்குள் எது என்பதைச் சர்க்கரையின் அளவோடு மற்ற உறுப்புகளும் தீர்மானிக்கின்றன. இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்கும் சிறுநீரில் அல்புமின் கசிகிறவர்களுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரையைக் குறைப்பதோடு அந்த உறுப்புகளையும் காக்கிறது. ஒரு காலத்தில் இது வசதியானவர்கள் மருந்து. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்த பிறகு, உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் தயாரிக்க ஆரம்பித்து விலை வெகுவாக இறங்கிவிட்டது. முன்பு விலையைக் கேட்டு ஓடியவர்கள் மறுபடி கேட்கலாம். இதன் தொல்லை, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும். சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை மிக உயர்ந்து, உடல் மெலிந்துகொண்டிருக்கும் கட்டத்தில் இந்த வகையை மட்டும் தொடங்குவதில் கீட்டோன் ஆபத்தும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும் என்பதால், கண்புரைக்குத் தேதி வாங்கியவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில மாத இன்சுலின்

எச்.பி.ஏ1சி 10-க்கு மேல், சர்க்கரை 300 வாக்கில், தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை இழப்பும் இருக்கின்றன என்றால் மருத்துவர்கள் இன்சுலினைப் பற்றிப் பேசுவது பன்னாட்டு வழிகாட்டுதல்களின்படிதான். விட்டுவிட்டு வந்ததற்கான தண்டனையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் வேலைக்கு, அதாவது இறக்குவதற்கு, இதைவிடத் திறமான கருவி கிடையாது. முடங்கிய பீட்டா செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. சர்க்கரை இறங்கியதும் அவை ஓரளவு மீண்டு வேலை செய்யும். அதே மாத்திரை அப்போது கூடுதலாகப் பலன் தரும். சீனாவில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்குச் சில வாரம் தீவிரமாக இன்சுலின் கொடுத்து நிறுத்திய ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் அது நான்கில் ஒரு பங்கு சொச்சம்தான். நோய் பழகியவர்களுக்கு அதே பலன் வராது. என்றாலும் இன்சுலினைத் தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்ற ஊர்ப் பேச்சுக்கு இது நல்ல பதில். தொடங்கும்போதே மருத்துவரிடம், 'எந்த எண் வந்தால் குறைப்பீர்கள், எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள்' என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். பதினைந்து, இருபது வருடம் பழைய நோயாளிகளில் சிலருக்கு நிறுத்த முடியாமலும் போகும். அதையும் அவரே சொல்லட்டும்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. எடை கூடும். தாழ்சர்க்கரை வரலாம். இவற்றையெல்லாம்விட எனக்குப் பயமூட்டுவது சிரிஞ்சுதான். இந்தியாவில் குப்பி இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். 'இன்சுலின் சிரிஞ்சு' என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருகிறதோ அது. 100 செறிவு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். மாற்றி இழுத்தால் 8 யூனிட். முதலாவதில் மயங்கி விழுவார். இரண்டாவதில் 'ஊசி போட்டும் இறங்கவில்லை' என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாக வைத்து எண்ணைச் சரிபார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள். பேனா வகையில் இந்தக் குழப்பம் இல்லை, விலை கூடுதல்.

கலங்கலான கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகப் பத்து முறையாவது உருட்டிய பிறகே இழுக்க வேண்டும், குலுக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் மூடிய டப்பாவில் வைக்கலாம். உறைபனிப் பகுதியில் வைத்த மருந்து வீண்தான். ஊசியைத் தொடையிலும் வயிற்றிலும் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே கட்டி தடித்து மருந்து சரியாக ஏறாது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இதை நோயாளியைவிட வீட்டில் இருப்பவர் தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

வேகத்துக்கு விலை உண்டு

விட்டதைப் பிடிக்கும் ஆத்திரத்தில் எல்லாரும் வேகத்தையே தேடுகிறார்கள். 400-ல் நிற்பதை 250-க்குக் கீழே சீக்கிரம் கொண்டுவருவது அவசியம். அதற்குப் பிறகு நிதானம் வேண்டும். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை திடீரென்று நன்றாக இறங்கும்போது அது கொஞ்ச காலம் மோசமாகலாம். தொண்ணூறுகளில் வெளியான அமெரிக்க ஆய்விலேயே இது பதிவாகியிருக்கிறது. நெடுங்காலத்தில் கட்டுப்பாடுதான் கண்ணைக் காத்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் இறக்குவதற்கு முன்பே கண் சோதனை. எச்.பி.ஏ1சி மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால் சிலருக்குக் கால்களில் எரிச்சலும் வலியும் புதிதாகக் கிளம்பும். 'மருந்து சூடு' என்று அதை நிறுத்திவிடுவதுதான் அப்போது நடக்கிற தவறு. மருத்துவரிடம் சொன்னால் வேகத்தைத் திருத்துவார், வலிக்கும் மருந்து தருவார்.

ஆபத்தில்லாத இரண்டு பயமுறுத்தல்களையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் 300-ல் பழகிய உடல், 130-க்கு வந்ததும் தாழ்சர்க்கரை வந்ததுபோலவே நடுங்கும், வியர்க்கும். கருவியில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இனிப்பு தின்றால் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடுத்தது பார்வை. சர்க்கரை இறங்கும்போது கண் லென்ஸின் நீரளவு மாறுவதால் சில வாரம் எழுத்துகள் மங்கும். அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி வாங்கினால் ஒன்றரை மாதத்தில் அது பயன்படாமல் போகும்.

இறங்கிய பிறகு: ஏன் விட்டோம்?

இரண்டாவது வேலைக்கு வருவோம். இங்கே மருந்தின் திறமையைவிட, முன்பு விட்டதற்கான காரணமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். செலவால் விட்டவருக்கு விலை உயர்ந்த கூட்டு மாத்திரையை எழுதினால் நான்காம் மாதம் மறுபடி விடுவார். அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடு வகையும் சேர்ந்த எளிய திட்டமே மேல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வெளியில் வாங்க வேண்டியவற்றுக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. வணிகப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். இப்படிச் சொன்னால் எங்கள் கடை வியாபாரம் குறையும், பரவாயில்லை.

லாரி ஓட்டுபவர், இரவுக் காவலர், நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர் தாழ்சர்க்கரைக்குப் பயந்து மாத்திரையை விட்டிருந்தால், அவருக்குக் கிளிமிபிரைடு பொருந்தாது. சிட்டாகிளிப்டின் வகையோ டாபாகிளிஃப்ளோசின் வகையோ தனியாகவும் மெட்ஃபார்மினோடும் சேரும்போது சர்க்கரையை அபாயமாக இறக்குவது அபூர்வம். நாளைக்கு நான்கு வேளை மாத்திரை என்பதால் குழம்பி விட்டவர், ஒரு வேளைக்குச் சுருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் பல நேரம்.

வாரம் ஒரு முறை போடும் ஊசிகளைப் பற்றி இப்போது விசாரிக்காதவர்கள் குறைவு. செமாகுளுடைடு, டிர்செபடைடு. சர்க்கரையையும் எடையையும் சேர்த்துக் குறைப்பதில் மேலே சொன்ன மாத்திரைகள் எதுவும் இவற்றுக்கு இணையில்லை. ஆனால் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செமாகுளுடைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன் இன்றைய விலையைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குமட்டல் உண்டு, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பருமனான உடலும் நிலையான வருமானமும் இருந்தால் யோசிக்கலாம். கடன் வாங்கித் தொடங்க வேண்டிய மருந்து அல்ல.

நாட்டு மருந்து பற்றிக் கேட்பார்கள். ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் ஆகியவற்றைச் சாப்பாட்டின் பகுதியாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. 10-க்கு மேல் நிற்கும் எச்.பி.ஏ1சி-யை இறக்க அவற்றை நம்பக் கூடாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார். இரண்டு மருத்துவருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்கட்டும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'மூன்றே வாரத்தில் குணம்' பொடியை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

எந்த வழியானாலும் முதல் சில வாரம் வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வேண்டும். தினம் ஏழு முறை குத்த வேண்டியதில்லை. இன்சுலின் எடுப்பவர் காலை வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்தால் அளவை மாற்ற மருத்துவருக்கு வழி கிடைக்கும். மாத்திரைக்காரர் வாரம் இரண்டு மூன்று நாள், வேளையை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சார் எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை அப்பட்டமாகக் காட்டிவிடும். தொடக்கத்தில் ஒரு முறை ஒட்டிப் பார்ப்பது நல்ல முதலீடு. மாதா மாதம் வாங்குவது பெரும்பாலானவர்களுக்குத் தேவையற்ற செலவு. எச்.பி.ஏ1சி-யை மூன்று மாதத்துக்கு முன்னால் மறுபடி எடுக்க வேண்டாம். பழைய ரத்தமும் புதிய ரத்தமும் கலந்த எண்தான் வரும். முதல் சந்திப்பில், எத்தனை மாதம் மருந்து எடுக்கவில்லை என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். 'ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டால், அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் அதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பார். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒழுங்காகப் போடத் தொடங்கும் வாரத்தில்தான் சர்க்கரை 50-க்குப் போகும்.